கார் இன்ஜெக்டர் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்? 'நாலையும் மாத்தணும்' என்றால் உடனே மாத்திடலாமா? - முழு விளக்கம்

"நாசில் போச்சு சார், நாலையும் மாத்தணும்." ஒர்க்‌ஷாப்பில் இந்த ஒரு வரியைக் கேட்டதும் கார் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். பெட்ரோல் கார் என்றால் செலவு சில ஆயிரங்களில் முடியலாம். டீசல் கார் என்றால் ஒரு இன்ஜெக்டரின் விலையே பல மாடல்களில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். நாலு சிலிண்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பழைய காரின் விலையில் ஒரு பெரும் பங்கு அதற்கே போய்விடும்.

ஆனால் நிஜமாகவே நாலையும் மாற்ற வேண்டுமா? இன்ஜெக்டருக்கு என்று ஒரு ஆயுள் கணக்கு இருக்கிறதா? எந்த அறிகுறி வந்தால் பயப்படணும், எந்த சோதனை செய்யச் சொல்லிக் கேட்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

இன்ஜெக்டர் என்றால் என்ன?

டேங்கில் இருக்கும் பெட்ரோலையோ டீசலையோ பனி மாதிரி நுண்ணிய துளிகளாக இன்ஜினுக்குள் தெளிக்கும் பாகம்தான் இன்ஜெக்டர். மெக்கானிக்குகள் பேச்சுவழக்கில் 'நாசில்' என்று சொல்வார்கள். எப்போது திறக்கணும், எவ்வளவு நேரம் திறந்திருக்கணும் என்பதை இ.சி.யூ. எனும் காரின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. திறந்து மூடுவதெல்லாம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

முன்பெல்லாம் பெட்ரோல் கார்களில் இந்த வேலையை கார்புரேட்டர் செய்தது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடு விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் என்பதுதான் எம்.பி.எஃப்.ஐ. அதன்பிறகு மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, கார்புரேட்டர் காணாமல் போனது. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்-6 விதி வந்ததும் பைக், ஸ்கூட்டர்களும் இன்ஜெக்டருக்கு மாறிவிட்டன. அதனால் இது கார் வைத்திருப்பவர்களின் கவலை மட்டுமல்ல.

இன்ஜெக்டரில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

• சாதாரண பெட்ரோல் இன்ஜெக்டர்: சுமார் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் வேலை செய்யும். எளிமையானது, விலை குறைவு, நீண்ட நாள் உழைக்கும்.

• நேரடி பெட்ரோல் இன்ஜெக்டர் (ஜி.டி.ஐ., டி.எஸ்.ஐ. போன்ற பெயர்களில் வரும் டர்போ பெட்ரோல் கார்கள்): எரிபொருள் எரியும் அறைக்குள்ளேயே தெளிக்கும். அழுத்தம் 150 பாரில் தொடங்கி 350 பார் வரை போகும்.

• காமன் ரெயில் டீசல் இன்ஜெக்டர்: 1,600 பார், 2,000 பார் என்று போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 33 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 2.3 பார். அதைப்போல 700 மடங்கு அழுத்தம் 1,600 பாரில் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், டீசல் இன்ஜெக்டர் மட்டும் ஏன் இவ்வளவு விலை, ஏன் இவ்வளவு 'சென்சிட்டிவ்' என்பது புரியும்.

எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்?

முதலில் ஒரு விஷயம். இன்ஜின் ஆயிலுக்கு இத்தனை கிலோமீட்டர், டைமிங் பெல்ட்டுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று காரோடு வரும் கையேட்டில் இருக்கும். இன்ஜெக்டருக்கு அப்படி 'இத்தனை கிலோமீட்டரில் மாற்று' என்ற வரி பொதுவாக இருக்காது. காரணம், அது தேதி வைத்து மாற்றும் பாகம் அல்ல. கெட்டால், அதுவும் கெட்டது என்று சோதனையில் தெரிந்தால் மட்டுமே மாற்றும் பாகம்.

ஆனாலும் தொழில் வட்டாரத்தில் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்.

• பெட்ரோல் இன்ஜெக்டர்: 80,000 முதல் 1,60,000 கி.மீ. நல்ல பெட்ரோல் போட்டு, ஃபில்டர் ஒழுங்காக இருந்தால் காரின் ஆயுள் முழுக்கவே மாற்றாமல் ஓடும் வண்டிகளும் ஏராளம்.

• டீசல் இன்ஜெக்டர்: 1 லட்சம் முதல் 2 லட்சம் கி.மீ. நெடுஞ்சாலையிலேயே ஓடும் டாக்ஸிகளில் இதைத் தாண்டியும் போகும். அழுக்கு டீசல் போட்டால் 50,000-லும் படுத்துவிடும்.

இன்ஜெக்டர் எவ்வளவு உழைக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது, கார் 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. ஒவ்வொரு இன்ஜெக்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தெளிக்கும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 1,000 முறை. அந்த ஒரு நிமிடத்தில் கார் போகும் தூரம் 1 கி.மீ. ஆக, 1 லட்சம் கிலோமீட்டரில் ஒரு இன்ஜெக்டர் 10 கோடி முறை திறந்து மூடியிருக்கும். டீசல் காரில் ஒரே சுற்றில் இரண்டு மூன்று தவணையாகத் தெளிப்பதால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

இத்தனை கோடி முறை தட்டியும் தாங்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அதனால் சீக்கிரமே போகும் இன்ஜெக்டர்களில் பெரும்பாலானவை வயதாகிப் போவதில்லை. உள்ளே போகும் எரிபொருளும், அதோடு சேர்ந்து போகும் தூசியும் தண்ணீரும்தான் அதைக் கெடுக்கின்றன.

சீக்கிரம் கெடுவது எதனால்?

1. தூசி

விருத்தாசலம், நல்லூர், வேப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் விருத்தாசலம். பீங்கான் கலவையில் சேரும் வெண்களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் குறைவான அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதே கலவையில் சேரும் குவார்ட்ஸ் எனும் கல்மாவு, சாதாரண இரும்பையே கீறும் அளவுக்குக் கடினமானது.

டீசல் இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு நடுவே விடப்படும் இடைவெளி 2 முதல் 5 மைக்ரான்தான். கண்ணுக்கே தெரியாத கல்மாவு அதற்குள் புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். தேய்ந்த இடைவெளி வழியாக டீசல் கசியும், அழுத்தம் குறையும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

தூசி டேங்குக்குள் எப்படிப் போகும்? பல இடங்களில் கேன் வழியாகத்தான். டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் கேனில் டீசல் வாங்கி வைத்து, அதே கேனில் இருந்து அவசரத்துக்குக் காருக்கும் ஊற்றுவது கிராமங்களில் சகஜம். மூடியில்லாத கேன், துணி வைத்து அடைத்த வாய், புழுதி படிந்த புனல் என்று மூன்றும் சேர்ந்தால் இன்ஜெக்டருக்கு ஆபத்து. கேன் டீசலைத் தவிர்க்க முடியாவிட்டால், சுத்தமான மூடியுள்ள கேனில் ஒருநாள் அசையாமல் வைத்து, அடியில் இருப்பதை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் ஊற்றுங்க.

2. தண்ணீர்

2015 மழை வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று கடலூர் மாவட்டம் வெள்ளத்துக்குப் பழகிய மாவட்டம். பங்கின் நிலத்தடி டேங்கில் தண்ணீர் இறங்கினால், அது நேராக வண்டிக்கு வரும். டீசலுக்கு எண்ணெய்ப்பசை உண்டு. பம்பும் இன்ஜெக்டரும் அந்தப் பசையை நம்பித்தான் ஓடுகின்றன. தண்ணீருக்கு அந்தப் பசை கிடையாது. உராய்வும் துருவும் சேர்ந்து சில நாளிலேயே வேலையைக் காட்டிவிடும்.

டீசல் கார்களின் ஃபில்டரில் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் இருக்கும். டாஷ்போர்டில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஓட்டாதீங்க. அன்றைக்கே வடித்துவிடணும்.

3. பழைய ஃபில்டர்

டீசல் ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றணும் என்பது கையேட்டில் இருக்கும். மாடலைப் பொறுத்து 20,000 முதல் 40,000 கி.மீ. என்று வரும். கிராமத்துச் சாலையும் புழுதியும் அதிகம் என்றால் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. ஃபில்டருக்கு மிச்சம் பிடிக்கும் காசு, இன்ஜெக்டருக்குப் பல மடங்காகப் போகும்.

4. குறுந்தூர ஓட்டம்

வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து பள்ளிக்கூடம் என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்தும் பெட்ரோல் கார்களில் இன்ஜெக்டர் முனையில் படிமம் சேருவது அதிகம். இன்ஜினை அணைத்ததும் ஃபேனும் காற்றோட்டமும் நின்று, சூடு அப்படியே தேங்கும். முனையில் ஒட்டியிருக்கும் சொட்டு பெட்ரோல் காய்ந்து பிசினாகும். தினமும் பலமுறை இப்படி நடந்தால் துளை சுருங்கும். வேப்பூர் வழியாகச் சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் டாக்ஸிக்கு இந்தத் தொல்லை குறைவு.

5. எத்தனால் கலந்த பெட்ரோல்

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எத்தனால் எடுக்கப்படுகிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் எரிபொருள் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. பழைய கார்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

பழைய கார்களில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கி.மீ. பயன்பாட்டுக்குப் பிறகு மாற்ற வேண்டி வரலாம், அந்தச் செலவு குறைவுதான் என்று மத்திய பெட்ரோலியத் துறை அமைச்சகம் 2025 ஆகஸ்ட்டில் விளக்கம் தந்தது. இ20-க்கு எதிரான பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது.

இன்ஜெக்டரைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியவை மூன்று. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் அந்த ஈரம் பெட்ரோலில் இருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கலாம். பழைய டேங்கில் ஒட்டியிருக்கும் அழுக்கை அது கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். மூன்றாவது, எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தை வைத்தே 'இன்ஜெக்டர் போச்சு' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

என்னென்ன அறிகுறிகள்?

பெட்ரோல் காரில்:

• ஐடிலில் நிற்கும்போது இன்ஜின் குலுங்குவது, ஒரு சிலிண்டர் விட்டு விட்டு ஓடுவது
• ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்குவது
• மைலேஜ் படிப்படியாகக் குறைவது
• பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. இது மட்டும் வந்தால் உடனே வண்டியை அணைத்துவிடணும், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு
• செக் இன்ஜின் லைட். அது விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போகிறது என்று பொருள். தொடர்ந்து ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும். அது இன்ஜெக்டரைவிடப் பெரிய செலவு

டீசல் காரில்:

• காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆவது
• 'டக் டக்' என்று ஒரு சிலிண்டரில் மட்டும் தட்டும் சத்தம்
• கரும்புகை (டீசல் அதிகம் இறங்குகிறது) அல்லது ஸ்டார்ட் செய்ததும் வெண்புகை (டீசல் எரியாமல் வெளியேறுகிறது)
• இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கரி படிந்திருப்பது
• டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருப்பது, ஆயிலில் டீசல் வாடை வருவது

கடைசியாகச் சொன்னது ரொம்ப சீரியஸான அறிகுறி. மூடாமல் ஒழுகும் இன்ஜெக்டர் டீசலை ஆயிலில் கலந்துவிடும். இன்னும் மோசமானால் பிஸ்டனிலேயே ஓட்டை விழும். அப்படி ஆனால் முழு இன்ஜின் வேலை வந்துவிடும். நீலப்புகை வந்தால் மட்டும் இன்ஜெக்டரைக் குறை சொல்ல வேண்டாம். அது ஆயில் எரிவதன் அடையாளம்.

மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய சோதனைகள்

பணம் மிச்சமாவது இந்த இடத்தில்தான். மேலே சொன்ன அறிகுறிகளில் பல, வேறு பாகங்கள் கெட்டாலும் வரும். பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், ஏர் ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார், எங்கோ ஒரு வேக்குவம் குழாய் கிழிசல். டீசல் காரில் அடைத்த ஃபில்டர், ஈ.ஜி.ஆர். வால்வு, குளோ பிளக், டர்போ குழாய், ஏன், வலுவில்லாத பேட்டரி கூட. அதனால் சோதனை இல்லாமல் மாற்ற ஒப்புக்கொள்ளாதீங்க.

பெட்ரோல் காருக்கு:

முதலில் ஸ்கேனர் போடச் சொல்லுங்க. எந்த சிலிண்டரில் மிஸ் ஆகிறது என்பதை எண் காட்டிவிடும். 'பி 0301' என்றால் முதல் சிலிண்டர், 'பி 0302' என்றால் இரண்டாவது. 'பி 0201' முதல் வரும் எண்கள் இன்ஜெக்டரின் மின் இணைப்பில் கோளாறு என்று சொல்லும். அப்படி வந்தால் வயரும் கனெக்டரும்தான் முதல் சந்தேகம். எலி கடித்த வயருக்குப் புது இன்ஜெக்டர் வாங்கிப் பயனில்லை.

அடுத்தது இடமாற்றுச் சோதனை. முதல் சிலிண்டரில் மிஸ் என்றால், அதன் பிளக்கையும் காயிலையும் மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கோளாறு கூடவே மூன்றுக்குப் போனால், குற்றவாளி பிளக் அல்லது காயில். போகாவிட்டால் இன்ஜெக்டரை அதே மாதிரி மாற்றிப் பார்க்கலாம்.

கடைசியாக, கழற்றிய இன்ஜெக்டர்களை டெஸ்டிங் பெஞ்சில் வைத்து ஓட்டுவார்கள். நாலு கண்ணாடிக் குழாயிலும் ஒரே அளவு இறங்குகிறதா, பனி மாதிரி தெளிக்கிறதா அல்லது கோடு மாதிரி பீய்ச்சுகிறதா, அணைத்த பிறகு சொட்டுகிறதா என்பது கண்ணாலேயே தெரியும். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேளுங்க. தப்பே இல்லை.

டீசல் காருக்கு:

இங்கே முக்கியமானது 'ரிட்டர்ன்' சோதனை. ஒவ்வொரு இன்ஜெக்டரும் பயன்படுத்தாத டீசலைக் கொஞ்சம் டேங்குக்கே திருப்பி அனுப்பும். அந்தக் குழாய்களைக் கழற்றி, ஆளுக்கொரு சின்ன பாட்டில் மாட்டி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டுவார்கள். உதாரணத்துக்கு, மூன்று பாட்டிலில் 20 மில்லி, ஒன்றில் மட்டும் 60 மில்லி என்று வந்தால், உள்ளே தேய்ந்திருப்பது அந்த ஒன்றுதான். இன்ஜெக்டரைக் கழற்றாமலே செய்யக்கூடிய, செலவு குறைந்த சோதனை இது.

ஸ்கேனரிலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இ.சி.யூ. எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்ற எண்கள் வரும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றில் இருந்து ரொம்ப விலகி இருந்தால், சந்தேகம் உறுதியாகும். அதன்பிறகு 'பம்ப் - நாசில்' கடைகளில் இருக்கும் காமன் ரெயில் பெஞ்சில் வைத்து ரிப்போர்ட் வாங்கலாம். ரிப்போர்ட்டைக் கையில் கேட்டு வாங்கிக்குங்க.

எச்சரிக்கை: ஓடிக்கொண்டிருக்கும் டீசல் இன்ஜினில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. 1,000 பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல், கிளவுஸையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்ன ஊசி குத்திய தடம் மாதிரிதான் தெரியும். ஆனால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரை போகலாம். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனடியாக ஆஸ்பத்திரிக்குப் போகணும், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லணும்.

கழுவினால் போதுமா, மாற்றணுமா?

படிமம் அடைத்திருந்தால் கழுவலாம். தேய்ந்திருந்தால் மாற்றணும். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

• பெஞ்சில் அளவு குறைவாக இறங்குகிறது, தெளிப்பு சரியில்லை: அல்ட்ராசானிக் கிளீனிங் செய்து மறுபடி பெஞ்சில் வைத்துப் பார்க்கலாம். சரியாகிவிட்டால் அப்படியே மாட்டிவிடலாம். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்டர்களில் இது நன்றாகவே பலன் தரும்.

• வெளியே கசிகிறது: பல நேரம் ஓ-ரிங் மட்டும் மாற்றினால் போதும்.

• கழுவிய பிறகும் சொட்டுகிறது அல்லது உள்ளே காயில் கருகிவிட்டது: புதிதுதான் வழி.

• டீசலில் ரிட்டர்ன் அதிகம்: கழுவிப் பயனில்லை. சில வகைகளில் உள்ளே இருக்கும் வால்வையும் நாசிலையும் மட்டும் மாற்றி ரீகண்டிஷன் செய்யலாம். அதற்கும் முடியாவிட்டால் புதிது.

டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில்கள் லேசான படிமத்துக்கு ஓரளவு உதவும். தேய்ந்த உலோகத்தை எந்தத் திரவமும் திரும்ப வளர்க்காது. ஒவ்வொரு சர்வீஸிலும் பில்லில் 'இன்ஜெக்டர் கிளீனிங்' என்று சேர்க்கிறார்கள் என்றால், கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்க. அறிகுறியும் இல்லை, அட்டவணையிலும் இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

தள்ளிப்போட்டால் என்ன நஷ்டம்? மாதம் 1,500 கி.மீ. ஓடும் கார், லிட்டருக்கு 20 கி.மீ. தந்தது இப்போது 17 தருகிறது என்று வைத்துக்குங்க. 75 லிட்டர் போட்ட இடத்தில் 88 லிட்டர் போடணும். லிட்டர் 100 ரூபாய் என்றாலே மாதம் சுமார் 1,300 ரூபாய் கூடுதல் செலவு. ஒரு பெட்ரோல் இன்ஜெக்டரைக் கழுவும் காசு ஓரிரு மாதத்திலேயே திரும்பிவிடும்.

ஒன்றா, நாலுமா?

பெட்ரோல் காரில் மற்ற மூன்றும் பெஞ்சில் ஒரே அளவு காட்டினால், கெட்டதை மட்டும் மாற்றலாம். புதிதும் அதே பார்ட் நம்பராக இருக்கணும். டீசலில் 1.5 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி, ரிட்டர்ன் சோதனையில் இரண்டு மூன்று எல்லை தாண்டியிருக்கிறது என்றால் மொத்தமாக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஒன்று மட்டும்தான் விலகி இருக்கிறது என்றால் அதை மட்டும் மாற்றச் சொல்லலாம். 'நாலையும்' என்றால், நாலுக்கும் ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்க.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

• பல டீசல் இன்ஜெக்டர்களின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு இருக்கும். அதை ஸ்கேனர் மூலம் இ.சி.யூ.வில் பதிவு செய்யணும். பதிவு செய்யாமல் விட்டால் புது இன்ஜெக்டரும் தட்டும், புகைக்கும். இதே காரணத்தால் டீசலில் சும்மா இடமாற்றிப் போட்டுப் பார்ப்பதும் சரிவராது.

• அடியில் வரும் காப்பர் வாஷர் புதிதாகத்தான் இருக்கணும். பழையதைத் திரும்பப் போட்டால் எரிந்த வாயு மேலே ஏறி, அந்த இடம் கரியாகும்.

• ஃபில்டரையும் சேர்த்தே மாற்றணும். தண்ணீரோ அழுக்கோ காரணம் என்றால் டேங்கையும் இறக்கிக் கழுவணும். இல்லாவிட்டால் புதிதும் அதே வழியில் போகும்.

• கழற்றிய பழைய இன்ஜெக்டர்களைக் கேட்டு வாங்கிக்குங்க. பில்லில் பார்ட் நம்பர் இருக்கணும்.

விருத்தாசலம் பீங்கானுக்கும் இன்ஜெக்டருக்கும் என்ன சம்பந்தம்?

பீங்கான் என்றால் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாகத் தெரியும் பாகம் அலுமினா எனும் பீங்கான் வகைதான். சில உயர்ரக டீசல் கார்களின் இன்ஜெக்டருக்குள்ளேயும் பீங்கான் இருக்கிறது. அதன் பெயர் பீசோ இன்ஜெக்டர்.

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்பதை 1880-ல் பிரான்சின் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அவை துளி அளவு நீளும் என்பது அதன் மறுபக்கம். ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கான் தகடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி மின்சாரம் கொடுத்தால், அந்த அடுக்கு சில பத்து மைக்ரான் நீளும். அந்த நீட்சிதான் இன்ஜெக்டரைத் திறக்கிறது. காயில் வைத்த சாதாரண இன்ஜெக்டரைவிட இது வேகமானது. ஆனால் 100 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாயும் என்பதால் இன்ஜின் ஓடும்போது இதன் கனெக்டரைத் தொடக் கூடாது. பழுதானால் பெரும்பாலும் ரீகண்டிஷன் செய்ய முடியாது, புதிதுதான். உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

பங்கில் உங்களுக்கு உள்ள உரிமைகள்

• பெட்ரோலில் சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம். பேப்பரில் ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாகிவிடணும். கறை தங்கினால் கலப்படம் இருக்கலாம்.

• அன்றைய அடர்த்தியைக் காட்டச் சொல்லலாம்.

• அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம்.

• எப்போதும் பில் வாங்குங்க. தண்ணீர் கலந்த எரிபொருளால் வந்த சேதத்துக்கு கார் கம்பெனி வாரண்டி பொதுவாகக் கைகொடுக்காது. எங்கே, எப்போது போட்டீங்க என்பதற்கு பில்தான் சாட்சி. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டீசல் காரில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைக் கூடத் திருப்பாதீங்க. சாவி போட்டதுமே பல கார்களில் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். டேங்கை வடிக்கும் செலவோடு தப்பிக்கலாம். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போகலாம்.

பழைய டீசல் கார் வாங்கப் போறீங்களா?

மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. அதனால் இப்போது விற்பனைக்கு வரும் டீசல் ஸ்விஃப்ட், டிசையர் எல்லாமே குறைந்தது சில வருடமாவது ஓடியவை. வாங்கும் முன் இதைச் செய்யுங்க.

• இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யணும். போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்க.

• டிப்ஸ்டிக்கை எடுத்து அளவும் வாடையும் பாருங்க.

• ஸ்கேனர் போட்டு, ரிட்டர்ன் சோதனையும் செய்துவிட்டு விலை பேசுங்க. அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, ஒரு இன்ஜெக்டர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சுருக்கமாக

• இன்ஜெக்டருக்கு நிலையான கிலோமீட்டர் கெடு கிடையாது. பெட்ரோலுக்கு 80,000 - 1,60,000, டீசலுக்கு 1 - 2 லட்சம் என்பது தோராயம்தான்.
• சீக்கிரம் கெடுப்பவை தூசி, தண்ணீர், பழைய ஃபில்டர்.
• முதலில் ஸ்கேனர், அடுத்து பெஞ்ச் அல்லது ரிட்டர்ன் சோதனை, அதன்பிறகே மாற்றம்.
• ஆயில் அளவு ஏறினாலோ, பெட்ரோல் வாடை வந்தாலோ, செக் இன்ஜின் லைட் மின்னினாலோ ஓட்டுவதை நிறுத்துங்க.
• மாற்றினால் குறியீட்டைப் பதிவு செய்தார்களா, ஃபில்டர் மாற்றினார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்க.